லைனர்: சொகுசுக் கப்பல் இல்லை, வழித்தடக் கப்பல்

‘ஓஷன் லைனர்’ என்று வந்தாலே ‘சொகுசுக் கப்பல்’ என்று எழுதிவிடுகிறோம். அது தவறு. லைனர் என்ற சொல்லில் சொகுசு எங்கேயும் கிடையாது.

லைன் என்றால் இங்கே வழித்தடம். இந்தத் துறைமுகத்திலிருந்து அந்தத் துறைமுகத்துக்கு, சொன்ன தேதியில், ஆள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் கிளம்பும் கப்பல்தான் லைனர். அதற்கு முன்பெல்லாம் ஷேர் ஆட்டோ மாதிரி, சரக்கு நிறைந்த பிறகுதான் நங்கூரத்தை எடுப்பார்கள். 1818 ஜனவரி 5 அன்று, பனி கொட்டும்போதே, ‘ஜேம்ஸ் மன்றோ’ என்ற பாய்மரக் கப்பல் அறிவித்தபடி நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்குக் கிளம்பியது. பின்னாளில் பிளாக் பால் லைன் என்று பெயர்பெற்ற அந்த நிறுவனத்தோடுதான் இந்த வழக்கம் வேரூன்றியது.

லைன் என்ற சொல்லின் வேரைத் தேடி இன்னும் பின்னால் போனால் லத்தீன் ‘லீனும்’, அதாவது ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’, அதிலிருந்துதான் கோடு என்ற பொருள் வந்தது. லினன் துணியும் அதே வேர்தான். நம்மூர்க் கொத்தனாரும் சுவர் நேராக வர நூல்தானே கட்டுகிறார், ‘நூல் பிடித்தாற்போல’ என்கிறோமே, அதே மாதிரி.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய லைனர்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’. வில்லியம் ஃபிரான்சிஸ் கிப்ஸ் வடிவமைத்தது, 990 அடி நீளம். 1952 ஜூலையில் முதல் பயணத்திலேயே அட்லாண்டிக்கை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்து, ‘குயின் மேரி’ என்ற பிரிட்டிஷ் லைனரின் சாதனையைப் பத்து மணி நேர வித்தியாசத்தில் முறியடித்தது. தீக்குப் பயந்து கிப்ஸ் மரத்தையே கிட்டத்தட்ட ஒதுக்கிவிட்டார். பியானோவும் கறி வெட்டும் கட்டையும்தான் மரம் என்பார்கள். சுற்றுலாக் கப்பல் புயலைக் கண்டால் பாதையை மாற்றிக்கொள்ளலாம், லைனருக்கோ கால அட்டவணை இருக்கிறது, அதனால்தான் அலையைக் கிழிக்கிற கூர்மையான முகப்பும் உறுதியான உடலும் வேண்டியிருந்தன.

1958இல் ஜெட் விமானங்கள் அதே தடத்தைச் சில மணி நேரத்தில் கடக்கத் தொடங்கின. 1969இல் இந்தக் கப்பல் ஓய்ந்தது. பல ஆண்டுகள் பிலடெல்பியாவில் பெயின்ட் உரிந்து நின்றபின், ஃபுளோரிடா கடலில் மூழ்கடித்து மீன்களுக்குச் செயற்கைத் திட்டாக்குவதற்காக 2025 பிப்ரவரியில் அதை இழுத்துப் போனார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பயணிகள் கப்பல்’ போதாது, சரக்கு லைனர்களும் உண்டு. சங்க இலக்கியத்தின் ‘வங்கம்’ அழகான சொல், ஆனால் பெரிய கப்பல் எல்லாமே வங்கம்தான். பஸ்ஸுக்கு ‘வழித்தடம்’ என்று தினமும் சொல்கிறோமே, அதையே எடுத்து ‘வழித்தடக் கப்பல்’ என்பேன். பெருங்கடலையும் சேர்க்க வேண்டுமானால் ‘பெருங்கடல் வழித்தடக் கப்பல்’.

நம்மிடமும் ஒன்று இருந்தது. டன்கிர்க்கில் கட்டி 1966இல் ‘பாஸ்டர்’ என்ற பெயரில் ஓடத் தொடங்கிய பிரெஞ்சுக் கப்பலை 1970களின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, ‘சிதம்பரம்’ என்று பெயர் மாற்றிச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓட்டியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் போயின, அத்தோடு அந்தத் தடமும் நின்றது.