ஹார்ட் டிஸ்க்கை எடுக்கத் திரும்பி ஓடாதீர்கள்

பிரேசிலின் சம்பா தாளத்தின் வேகத்தைத் தணித்து, மின்னணு ஒலிகளோடும் ஜாஸின் சாயலோடும் இழைத்த ‘சாவோ பாவ்லோ கன்ஃபெஷன்ஸ்’ என்ற இசைத் தொகுப்பு 1999இல் வெளிவந்தது. ஒலிப்பதிவாளனான நான் புது ஸ்பீக்கர் எதைப் பொருத்தினாலும் முதலில் ஒலிக்கவிடுவது இந்தத் தொகுப்பைத்தான். தாளக் கருவிகளின் ஒவ்வொரு தட்டும் மங்காமல் முன்னே நிற்கும். சின்தசைசரின் நீண்ட சுரங்கள் பின்னால் பனிமூட்டம்போலப் படரும். பாடகி சிபெல்லின் குரலோ காதோரம் பேசுவதுபோல வரும்.

இதை உருவாக்கிய சுபா என்கிற மித்தார் சுபோதிச், அன்றைய யூகோஸ்லாவியாவின் நோவி சாத் நகரில் 1961இல் பிறந்து, பிரேசிலின் தாளங்களைத் தேடிப் போய் சாவோ பாவ்லோவிலேயே தங்கிவிட்டவர். தொகுப்பு வெளிவந்த அதே ஆண்டு நவம்பர் 2 அன்று, அவர் வாழ்ந்து பணியாற்றிய இடத்தில் தீப்பிடித்தது. பாடகி பெபெல் ஜில்பெர்த்தோவின் ‘தான்டோ டெம்போ’ தொகுப்புக்காகப் பதிவு செய்திருந்தவற்றைக் காப்பாற்ற முயன்றபோது புகையில் சிக்கி அவர் இறந்தார் என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்தத் தொகுப்பு 2000இல் வெளிவந்து உலகெங்கும் கேட்கப்பட்டது. அவர் அதைக் கேட்க இல்லை. அவருக்கு வயது 38.

ஸ்டுடியோ என்பது ஒலி வெளியேறாதபடி இறுக்கி அடைத்த அறை, ஆகவே புகையும் வெளியேறாது. சுவரில் நாம் ஒட்டும் மலிவான பாலியூரித்தேன் ஃபோமின் விரலளவுத் துண்டு ஒன்றை ஒருமுறை மொட்டை மாடியில் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். குப்பென்று பற்றி, உருகிச் சொட்டி, கரும்புகையைக் கக்கியது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருப்பதால், ஒரு சில மூச்சிலேயே தலை சுற்றிக் கால் துவண்டுவிடும். அதே பிரேசிலின் சான்டா மரியா நகரில், 2013 ஜனவரி 27 அன்று, ‘கிஸ்’ கேளிக்கை விடுதியின் கூரையில் ஒட்டியிருந்த ஒலித்தடுப்பு ஃபோமில் வாணவேடிக்கைப் பொறி பட்டு 242 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை.

நான் வேலை பார்த்த ஓர் அறையில், அடாப்டர்கள் நெருக்கிச் செருகிய எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒருநாள் கருகத் தொடங்கியது. எல்லோரும் வெளியே வந்த பிறகு, உதவியாளர் ஒருவர் மூன்று வார உழைப்பு உள்ளே இருக்கிறதென்று திரும்பி ஓடினார். சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினோம். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் பதிவின் ஒரே பிரதி அந்த அறையில்தான் இருந்தது. பிரதி ஒன்றே ஒன்றாக இருக்கும்வரை, எவ்வளவு எச்சரித்தாலும் கால் உள்ளேதான் போகும்.

ஃபோமுக்குப் பதிலாகத் துணி போர்த்திய கண்ணாடிப் பஞ்சுப் பலகைகளைப் பொருத்துங்கள். அவை ஒலியையும் நன்றாக உறிஞ்சும். புகை உணர்வி ஒன்றை மாட்டுங்கள், கதவுப் பாதையில் கேபிள் பெட்டிகளை அடுக்காதீர்கள். எங்கள் ஸ்டுடியோவில் இப்போது பதிவு முடிந்ததும், விளக்கை அணைக்கும் முன்பே, அன்றைய வேலையின் இரண்டாவது பிரதி யாராவது ஒருவருடைய பையில் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விடுகிறது.