மோட்டாரைக் கழற்றும் முன் மூடியைப் பாருங்கள்

"மோட்டார் போயிடுச்சாம், புதுசு மாத்தணும்னு சொல்றாங்க. நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்க சார்." வீட்டில் நீச்சல்குளம் வைத்திருப்பவர்கள் என்னைக் கூப்பிடும்போது பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். போய்ப் பார்த்தால் பல நேரம் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

சமீபத்தில் போன ஒரு வீட்டிலும் அதே கதை. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பம்பின் முன்னால் குப்பை பிடிக்கும் கூடை இருக்கும் பகுதிதான் ஸ்ட்ரெய்னர். அதன் கண்ணாடி மூடிக்குள் தண்ணீர் பாதிதான் நின்றது, அதுவும் உலை கொதிப்பது போலக் கொப்புளித்தது. குளத்துக்குள் தண்ணீர் திரும்பி வரும் துவாரத்தில் குமிழ் குமிழாகக் காற்று. மெயினை அணைத்து, வால்வுகளை அடைத்து, மூடியைத் திறந்தேன். மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை எடுத்து விரலால் சுற்றிலும் தடவிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் முடி அளவுக்கு ஓர் இலைக்காம்பு குறுக்கே ஒட்டியிருந்தது. துடைத்து, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி, கூடை முங்கத் தண்ணீர் ஊற்றி மூடினேன். வால்வுகளைத் திறந்து ஓடவிட்டதும் இரண்டு நிமிடத்தில் மூடிக்குள் தண்ணீர் தெளிந்து நின்றது. வீட்டுக்காரர் என்னையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கேயும் ஒழுகலையே" என்று எல்லோரும் சொல்வார்கள். ஒழுகாதுதான். பம்புக்கு முந்தைய பக்கம் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால், ஓடும்போது தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். பம்புக்குப் பிந்தைய பக்கம் தள்ளும் பக்கம், அங்கே ஓட்டை என்றால் தண்ணீர் பீய்ச்சும். மூடி, யூனியன் (பைப்பைக் கழற்றி மாட்டும் திருகு இணைப்பு), வால்வின் தண்டு, பைப் பம்புக்குள் நுழையும் இடம், இந்த நான்கில் ஏதோ ஒன்றில்தான் பெரும்பாலும் காற்று வாங்கும். பம்ப் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் மீதும் குவளையால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள், மோட்டார் மேல் மட்டும் படக்கூடாது. எந்த இடத்தில் ஊற்றும்போது மூடிக்குள் குமிழ் அடங்குகிறதோ, அங்கேதான் கசிவு. இதற்கு முன்னால் குளத்தின் தண்ணீர் மட்டத்தையும் பாருங்கள். குளத்துச் சுவரில் மேல்மட்டத் தண்ணீரைக் குப்பையோடு இழுக்கும் திறப்புதான் ஸ்கிம்மர். அதன் வாயில் பாதியளவாவது தண்ணீர் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் ஸ்கிம்மரே காற்றை இழுத்துக் கொடுத்துவிடும். (ஓ-ரிங்குக்குப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுகிற பழக்கம் நிறைய பேரிடம் உண்டு. வேண்டாம். சில வகை ரப்பர் அதில் ஊதிப்போகும்.)

காற்று வாங்கும் பம்பை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால்தான் செலவு வரும். மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே மெக்கானிக்கல் சீல் இருக்கிறது. ஒன்றோடொன்று உரசிச் சுழலும் இரண்டு வழவழப்பான முகங்கள். பொதுவாக ஒன்று கார்பன், இன்னொன்று செராமிக். இவை சூடாகாமல் காப்பது தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே சீல் கருகும். இரவு முழுக்க வறண்டு ஓடிய ஒரு பம்பைப் பார்த்திருக்கிறேன். பைப் சேரும் இடத்தில் பிவிசி மெழுகு போல இளகிக் கோணிக் கிடந்தது.

சீல் போனதற்கு அடையாளம், பம்பும் மோட்டாரும் சேரும் இடத்துக்கு நேர்கீழே ஈரம். சில நேரம் தண்ணீர் காய்ந்து வெள்ளைக் கறை மட்டும் படிந்திருக்கும். சொட்டுதானே என்று விடாதீர்கள். அந்தச் சொட்டு தண்டு வழியாக மோட்டாரின் முன் பேரிங்குக்குப் போகும், பேரிங் துருப்பிடிக்கும், பிறகு கிறீச்சென்று கத்தத் தொடங்கும். சீல் சின்னச் சாமான். அந்தக் கத்தல் கேட்கும் நேரத்தில் வேலை மோட்டார் வரை போயிருக்கும்.

சத்தத்தை வைத்தே நிறைய சொல்லிவிடலாம். கிறீச் என்றால் பேரிங். உள்ளே சரளைக்கல் உருள்வது போலக் கேட்டால் பம்புக்குப் போதுமான தண்ணீர் கிடைக்கவில்லை: கூடை நிரம்பியிருக்கும், வால்வு பாதி மூடியிருக்கும், அல்லது தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் குப்பை சிக்கியிருக்கும். சுவிட்ச் போட்டதும் "ம்ம்ம்" என்று முனகிவிட்டுச் சுற்றாமல் நின்றால் உடனே அணையுங்கள். முனகவிட்டால் மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) எரியும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகு தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது பேரிங் பிடித்துக்கொண்டது. தாராளமாகச் சுற்றினால் சந்தேகம், மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர் மேல். அதை நீங்களே தொடாதீர்கள், மின்சாரம் நிறுத்திய பிறகும் அதில் சார்ஜ் தங்கியிருக்கும். ஓட ஆரம்பித்ததுமே பிரேக்கர் ட்ரிப் ஆனால் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்ப்பதும் கூடாது. குளத்துப் பம்புக்கு 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சும் சரியான எர்த்தும் இருந்தே ஆக வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. கூடையை வாரம் ஒருமுறை, இலை உதிரும் காலத்தில் தினமும் பாருங்கள். ஃபில்டரைச் சுத்தம் செய்த அன்று பிரஷர் கேஜ் காட்டும் அளவை ஃபில்டர் மேலேயே எழுதி வையுங்கள். அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) ஏறினால் பேக்வாஷ் செய்யும் நேரம், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவும் நேரம். வழக்கத்தைவிட இறங்கினால் கோளாறு ஃபில்டரில் இல்லை, உறிஞ்சும் பக்கத்தில். பேக்வாஷுக்காக தண்ணீரின் பாதையை மாற்றும் மல்டிபோர்ட் வால்வைத் திருப்பும்போது பம்ப் நின்றிருக்க வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளிருக்கும் கேஸ்கெட் கிழியும். ஆசிட், குளோரின் டப்பாக்களைப் பம்ப் ரூமில் அடுக்காதீர்கள். அந்த ஆவியே மோட்டாரை அரித்துவிடும், இரண்டும் கலந்தால் விஷவாயு வேறு.

பம்பைத் திறந்து மூடிய பிறகு ஃபில்டருக்குள் காற்று அடைபட்டிருக்கும். அழுத்தத்தில் சிக்கிய காற்று மூடியையே தூக்கி அடிக்கும். அதனால் ஃபில்டர் உச்சியில் உள்ள காற்று வால்வைத் திறந்து வைத்துவிட்டு, தள்ளி நின்று சுவிட்சைப் போடுங்கள். தண்ணீர் ஒரே சீராகப் பீய்ச்சியதும் மூடுங்கள்.

இவ்வளவும் பம்ப் ரூமில். குளத்தின் அடியிலும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அங்கே உறிஞ்சு வாய்க்கு மேல் ஒரு மூடி இருக்கும். அது உடைந்தோ, திருகு கழன்றோ இருந்தால், ஓடும் பம்பின் இழுப்பு ஒரு குழந்தையின் தலைமுடியையோ உடம்பையோ பிடித்து அமுக்கி வைக்கப் போதும். பெரியவர்களாலேயே பிய்த்து எடுப்பது கஷ்டம். பம்ப் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். மூடி சரியில்லை என்றால், மாற்றும் வரை பம்பை நிறுத்தி வையுங்கள், யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.