ரஷ்ய வினைச்சொல்லின் "வெற்று" முன்னொட்டு உண்மையில் வெற்றா?

ரஷ்ய மொழி கற்பவர்களைப் பாடாய்ப் படுத்துவது ஆறு வேற்றுமைகள் அல்ல, வினைச்சொல்தான். அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு வினைகள் வேண்டும். ஒன்று, அந்தச் செயல் நடந்துகொண்டிருந்தது அல்லது அடிக்கடி நடக்கிறது என்று சொல்ல. இன்னொன்று, அது நடந்து முடிந்து முழுமை அடைந்தது என்று சொல்ல. "எழுதினேன்", "எழுதிவிட்டேன்" என்று நாம் சொல்வதில் இருக்கும் வேறுபாடு இதற்கு ஓரளவு பக்கத்தில் வரும். ஆனால் நமக்கு அது விருப்பம், ரஷ்யருக்குக் கட்டாயம். வாயைத் திறந்து ஒரு வினையைச் சொன்னாலே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

முடிந்த செயலுக்கான வினையைப் பெரும்பாலும் எப்படி உண்டாக்குகிறார்கள்? முன்னால் ஒரு சிறு ஒட்டைச் சேர்த்து. "பிஸாத்" என்றால் எழுதுதல், "நபிஸாத்" என்றால் எழுதி முடித்தல். சமைப்பதற்கு "வரீத்", சமைத்து முடிப்பதற்கு "ஸ்வரீத்". பனி உருகுவது "தாயத்", உருகித் தீர்வது "ரஸ்தாயத்". இப்படி வரும் ஒட்டுகள் மொத்தம் 16. எந்த வினைக்கு எந்த ஒட்டு என்று கேட்டால், பல காலமாக இலக்கணப் புத்தகங்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: அதற்குக் காரணம் எதுவும் இல்லை, இந்த இடத்தில் ஒட்டு தன் பொருளை இழந்து வெறும் இலக்கணக் குறியாகிவிட்டது, "முடிந்தது" என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இதற்கு வைத்த பெயரே "வெற்று முன்னொட்டு".

எனக்கு இந்தப் பதில் எப்போதுமே இடறும். வெறும் குறி என்றால் ஒன்று போதுமே, பதினாறு எதற்கு?

இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர்கள் ஸ்லாவிய மொழிகளை அறிதல்சார் மொழியியலின் வழியில் ஆராய்பவர்கள். மொழி என்பது மனத்தில் தனியாக ஓடும் ஓர் இலக்கண இயந்திரம் அல்ல, நாம் பார்ப்பதும் தொடுவதும் இடத்தில் நகர்வதும் பொருட்களை வகைப்படுத்துவதுமாகிய அதே திறன்களிலிருந்துதான் அது எழுகிறது, ஆகவே இலக்கண உருபுகளுக்கும் பொருள் உண்டு என்பது இந்தத் துறையின் அடிப்படை. 1980களில் ஜார்ஜ் லேக்காஃப், ரொனால்ட் லாங்காக்கர் போன்ற அமெரிக்கர்கள் இதற்கு வடிவம் கொடுத்தார்கள். ஸ்லாவிய மொழியறிஞர்கள் இதை இவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. மாஸ்கோவில் பிறந்த ரோமன் யாக்கப்சன் 1936லேயே ரஷ்ய வேற்றுமைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொதுப் பொருள் உண்டு என்று வாதிட்டு எழுதியிருந்தார். இலக்கணத்துக்குள் பொருளைத் தேடும் பழக்கம் அவர்களிடம் முன்பே இருந்தது. இப்படிப்பட்டவர்களை ஒன்றாகச் சேர்க்கவே ஸ்லாவிய அறிதல்சார் மொழியியல் சங்கம் இருக்கிறது. ரஷ்யம், போலிஷ், செக், பல்கேரியம் என்று தனித்தனியே வேலை செய்பவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து விவாதிக்க அது இடம் தருகிறது. அதன் அருமை என்ன என்பதைச் செக் மொழிக்கு வரும்போது பார்க்கலாம்.

சரி, ஒட்டுக்கு வருவோம். 1950களில் மார்க் வே என்ற மொழியறிஞர் செக் மொழியை வைத்தும், வான் ஸ்கோனவெல்ட் என்ற மொழியறிஞர் அதைத் தொடர்ந்தும் ஒரு யோசனை சொன்னார்கள். ஒட்டு வெற்று அல்ல. அதன் பொருள் வினையின் பொருளோடு ஒத்துப்போவதால் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். பாயசத்தில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டால் யாருக்கும் தெரியாது, அதே சர்க்கரையை வெறும் தண்ணீரில் போட்டால் உடனே தெரியும்.

"ரஸ்" என்ற ஒட்டையே பாருங்கள். சிதறுதல், விரிதல், உப்புதல், கரைதல் எல்லாம் அதன் பொருள் வட்டத்துக்குள் வரும். "பீத்" என்றால் அடித்தல். அதில் "ரஸ்" சேர்ந்து "ரஸ்பீத்" ஆனால் உடைத்து நொறுக்குதல் என்று புதிய பொருளே பிறக்கிறது. ஆனால் உருகுவது, வீங்குவது, உடல் பருப்பது ஆகிய வினைகளோடும் இதே "ரஸ்" வருகிறது. அங்கே விரிவதும் கரைவதும் வினைக்குள்ளேயே இருப்பதால், ஒட்டு எதையும் சேர்க்காதது போலத் தோன்றுகிறது.

இன்னும் அழகான சான்று "ந" என்ற ஒட்டு. தனிச்சொல்லாக நின்றால் அதற்கு "மேல்" என்று பொருள், ஒரு பரப்பின் மேல். இப்போது எழுதுதல், வரைதல், அச்சடித்தல் என்ற மூன்று வினைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்த செயலைக் குறிக்க மூன்றுமே எடுப்பது "ந" தான். மூன்றுமே ஒரு பரப்பின் மேல் எதையோ பதிக்கும் செயல்கள். இதை ஒருமுறை கவனித்த மாணவர் மறுபடி இந்த மூன்றையும் உருப்போட வேண்டியதே இல்லை.

ஆனால் நாலு அழகான எடுத்துக்காட்டுகளை எடுத்துவைத்து "பார்த்தீர்களா" என்று சொல்வது அறிவியல் ஆகாது. பொருந்தும் சொற்களை மட்டும் பொறுக்கி எடுக்க யாராலும் முடியும். இந்த இடத்தில்தான் நார்வேயின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கும் ட்ரோம்சோ பல்கலைக்கழகத்தில் லாரா யாண்டா என்ற அமெரிக்க மொழியறிஞரும் அவர் குழுவினரும் செய்த வேலை முக்கியமாகிறது. 2013இல் அவர்கள் அதை நூலாக வெளியிட்டார்கள். "வெற்று" என்று சொல்லப்பட்ட வினை இணைகளை, ஏறத்தாழ 2000 இணைகளை, ஒன்றுவிடாமல் பட்டியலிட்டார்கள். 2004 முதல் இணையத்தில் கிடைக்கும் ரஷ்ய தேசியத் தரவகத்தில், அதாவது உண்மையான ரஷ்ய உரைகளைத் திரட்டிவைத்த பெரும் தொகுப்பில், வினைகளுக்கு ஏற்கெனவே பொருள் வகைக் குறிப்புகள் உண்டு: இது ஒலி எழுப்பும் வினை, இது பேச்சு, இது நிலைமாற்றம் என்று. எந்த ஒட்டு எந்த வகையோடு எத்தனை முறை சேர்கிறது என்று எண்ணி, தற்செயலாக இப்படி அமைய வாய்ப்பு உண்டா என்று புள்ளியியலில் சோதித்தார்கள். ஒட்டு வெறும் குறி என்றால் எல்லா வகைகளிலும் அது ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பரவியிருக்க வேண்டும். அப்படிப் பரவவில்லை. ஒவ்வோர் ஒட்டுக்கும் விருப்பமான வினைக்கூட்டமும் உண்டு, அது ஒதுக்கும் கூட்டமும் உண்டு.

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது "க்ரூஸீத்" என்ற ஒரே ஒரு வினையை வைத்து அந்தக் குழுவினர் செய்த ஆய்வு. பாரம் ஏற்றுதல் என்று பொருள். இதற்கு "ந", "ஸ", "ப" என்று மூன்று ஒட்டுகள் வரும், மூன்றும் வெற்று என்றே சொல்லப்பட்டவை. இந்த வினையை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம்: செங்கல்லைச் செயப்படுபொருளாக்கி லாரியில் ஏற்றினார்கள் என்று சொல்லலாம், அல்லது லாரியைச் செயப்படுபொருளாக்கி, செங்கல்லுக்கு மூன்றாம் வேற்றுமை கொடுத்து, லாரியைச் செங்கல்லால் நிரப்பினார்கள் என்கிற மாதிரி சொல்லலாம். மூன்று ஒட்டும் வெற்று என்றால் மூன்றும் இந்த இரண்டு அமைப்புகளையும் ஒரே விகிதத்தில் எடுக்க வேண்டும் அல்லவா? தரவகத்தில் எண்ணிப் பார்த்தபோது "ந" வந்த வினை லாரி பக்கமே பெரிதும் சாய்ந்தது, "ப" வந்த வினை ஏறத்தாழ முழுக்கச் செங்கல் பக்கம் போனது, "ஸ" வந்தது இரண்டிலும் கலந்து நின்றது. பரப்பைக் குறிக்கும் "ந", சுமை போய்ச் சேரும் இடத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. பொருள் இல்லாத ஒன்று வாக்கிய அமைப்பை இப்படி இழுக்காது.

அப்படியானால் இந்த ஒட்டுகள் என்னதான் செய்கின்றன? யாண்டா குழுவின் விடை, இவை வினைகளை வகைப்படுத்துகின்றன என்பது. சீன மொழியில் ஒரு காகிதம், ஒரு மேசை என்று எண்ணும்போது தட்டையான பொருள் என்று காட்டும் சொல் ஒன்று இடையில் வந்தாக வேண்டும், நீண்டு கிடக்கும் மீனுக்கும் ஆற்றுக்கும் வேறொன்று. சீனம் பெயர்ச்சொல்லுக்குச் செய்வதை ரஷ்யம் வினைச்சொல்லுக்குச் செய்கிறது என்கிறார்கள். இந்த விளக்கத்தில் என் பார்வையில் பலவீனமான கண்ணி "ப" என்ற ஒட்டு. அது எண்ணற்ற வினைகளோடு சேர்கிறது, அதன் பொருளும் மங்கலானது. "ரஸ்" போலவோ "ந" போலவோ அது எளிதில் கைக்குப் பிடிபடுவதில்லை.

இப்போது செக் மொழி. அங்கேயும் எழுதி முடிப்பதற்கான வினையில் இதே "ந" தான். ஆனால் "தினமும் ஒரு கடிதம் எழுதுகிறான்" என்பதைச் செக்கில் முடிந்த செயலுக்கான வினையை வைத்தே இயல்பாகச் சொல்லலாம், ரஷ்யத்தில் சாதாரணமாக மற்ற வினையைத்தான் எடுக்க வேண்டும். ஒரே மூல மொழியிலிருந்து பிரிந்த இரண்டு மொழிகள், ஒரே ஒட்டு, பயன்பாடு மட்டும் வேறு. மொழியறிஞர் ஸ்டீபன் டிக்கி 2000இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். செக், ஸ்லோவாக், ஸ்லோவேனியம் முதலான மேற்குப் பக்கத்து மொழிகளில் அந்த வினைக்கு மையப் பொருள் முழுமை: ஒவ்வொரு கடிதமும் தனித்தனியே முழுதாக எழுதப்படுகிறது, தினமும் நடந்தால் என்ன. ரஷ்யம், உக்ரேனியம், பல்கேரியம் முதலான கிழக்குப் பக்கத்து மொழிகளில் அதே வினைக்கு, நிகழ்வுகளின் வரிசையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இதைப் பொருத்த முடியும் என்பதே மையம். தினமும் நடப்பதை அப்படி ஓர் இடத்தில் பொருத்த முடியாது. போலிஷும் செர்போ-குரோவேஷியமும் இடையில் நிற்கின்றன. ரஷ்யத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. மற்ற மொழிக்காரரோடு பேச ஒரு சங்கம் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

இந்த எண்ணிப் பார்க்கும் வழி இப்போது வகுப்பறைக்கும் வந்துவிட்டது. ஒரு ரஷ்யப் பெயர்ச்சொல்லுக்கு ஆறு வேற்றுமை, ஒருமை பன்மை என்று 12 இடங்கள் கொண்ட அட்டவணை உண்டு, மாணவர்கள் அதை முழுதாக ஒப்பிக்க வேண்டும் என்பது பழைய முறை. ஆனால் தரவகத்தில் பார்த்தால் பெரும்பாலான சொற்கள் அடிக்கடி வருவது சில வடிவங்களில் மட்டுமே. யாண்டாவும் கணினி மொழியியலாளர் ஃபிரான்சிஸ் டயர்ஸும் கணினிக்கு இரண்டு விதமாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றில் முழு அட்டவணைகள், மற்றொன்றில் அதிகம் புழங்கும் வடிவங்கள் மட்டும். பார்த்திராத வடிவங்களைச் சரியாக ஊகிப்பதில் இரண்டாவதே முன்னால் வந்தது. அப்புறம் ட்ரோம்சோவில் ஸ்மார்டூல் என்ற இலவசக் கற்றல் கருவியை உருவாக்கினார்கள். ஒரு சொல்லைத் தேடினால் அது பன்னிரண்டு வடிவங்களையும் கொட்டாது, உண்மையில் அதிகம் புழங்கும் மூன்றை மட்டும், அவை வழக்கமாக வரும் வாக்கியங்களோடு காட்டும்.