பிரிடேட்டரி ஜர்னல்: தமிழில் என்ன சொல்லலாம்?

கட்டுரையாளரிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, துறை வல்லுநர் எவரும் படித்துப் பார்க்காத கட்டுரையை வெளியிட்டுவிட்டு, முறையாக மதிப்பாய்வு செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஆய்விதழுக்கு ஆங்கிலத்தில் பிரிடேட்டரி ஜர்னல் என்று பெயர். அமெரிக்காவின் டென்வர் நகரில் பல்கலைக்கழக நூலகராக இருந்த ஜெஃப்ரி பீல் 2010இல் இந்த வழக்கைப் பரப்பினார். ஐயத்துக்குரிய பதிப்பகங்களின் பட்டியலையும் 2017 ஜனவரி வரை அவர் வெளியிட்டுவந்தார்.

பிரிடேட்டர் என்றதும் மானைத் துரத்தும் புலி நினைவுக்கு வருவதால் 'வேட்டை இதழ்' என்று எழுதத் தோன்றும். ஆனால் சொல்லின் வேர் லத்தீனின் பிரைடா. போரில் பறித்த பொருள், கொள்ளை என்பதே அதன் பொருள். விலங்கைக் குறிக்கும் பொருள் பிற்பாடு வந்து சேர்ந்தது. 'கொள்ளை இதழ்' என்றால் 'கொள்ளை அழகு' போல நிறைய என்ற பொருளும் தொனிக்கும். 'போலி இதழ்' என்பதும் முழுதாகப் பொருந்தாது. நல்ல இதழ் ஒன்றின் பெயரையும் அடையாள எண்ணையும் திருடி நடத்தப்படும் நகல் இதழ்கள் தனியே இருக்கின்றன, அந்தப் பெயரை அவற்றுக்கே விட்டுவைக்கலாம். வழிப்பறி, பணப்பறிப்பு என்று நாம் அன்றாடம் சொல்லும் சொல்லிலிருந்து 'பறிப்பு இதழ்' என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பறிபோவது பணம் மட்டுமா? நம்பிக்கையும்தான். போலந்து ஆய்வாளர்கள் ஆனா ஓ. ஷுஸ்ட் என்று இல்லாத ஒருவரைப் படைத்து, போலிப் பட்டங்களுடன் 360 ஆய்விதழ்களுக்கு இதழாசிரியர் பதவி கேட்டு எழுதினார்கள். 48 இதழ்கள் பதவி கொடுத்தன. அவற்றில் 40 பீலின் பட்டியலில் இருந்தவை. ஓஷுஸ்ட் என்றால் போலந்து மொழியில் மோசடிக்காரர்! 2017இல் வெளியான இந்த முடிவைப் படித்த பிறகு, ஆசிரியர் குழுவின் நீண்ட பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்து மயங்க முடியுமா?

கட்டணம் கேட்பதாலேயே ஓர் இதழ் பறிப்பு இதழாகிவிடாது. எல்லோரும் இலவசமாகப் படிக்கத் தரும் தரமான இதழ்கள் பலவும் கட்டணம் வாங்குகின்றன. இதழ்களுக்குத் தரப்படும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் தரச்சான்று அன்று, வெறும் அடையாள எண்தான். அரசுப் பட்டியல் ஒன்றையே நம்பியிருக்கவும் வழியில்லை. இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு, தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்கியது. அதற்குப் பதிலாகப் பின்னர் கொண்டுவந்த கேர் (CARE) என்ற இதழ்ப் பட்டியலையும் 2025இல் கைவிட்டது.

ஆகவே கட்டுரை அனுப்பும் மாணவர்தான் இதழைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர் குழுவில் இருவரைத் தேர்ந்து, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த இதழ் முன்பு வெளியிட்ட இரண்டு கட்டுரைகளை முழுதாகப் படியுங்கள். மூன்றே நாளில் மதிப்பாய்வு முடியும் என்று உறுதி தந்தால் விலகிவிடுங்கள். வல்லுநர் ஒருவர் கட்டுரையை ஊன்றிப் படித்துக் குறிப்பெழுதவே பொதுவாகச் சில வாரங்கள் ஆகும்.