குளித்த நாளும் கணக்கின் முதல் நாளும்

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், கருவுற்றவளிடம் கடைசி மாதவிடாயை அறிய, "கடைசியாத் தலைக்குக் குளிச்சது எப்பம்மா?" என்று கேட்டால், "பொங்கலன்னைக்கு, சிஸ்டர்" என்பது போலத்தான் பதில் வரும். விவரமறிந்த கிராம சுகாதாரச் செவிலியர் அதை அப்படியே அட்டையில் எழுதிவிடமாட்டார்; "அது குளிச்ச நாளு, தூரமான முதல் நாள் எது?" என்று மறுபடியும் கேட்பார். கருவுற்றவளை "முழுகாமல் இருக்கிறாள்" என்று சொல்லும் வழக்கில் நினைவில் நிற்பது குளியல்தான். மருத்துவக் கணக்கோ உதிரப்போக்கு தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது.

ஜனவரி 15 அன்று வந்த பொங்கல் அவளுக்கு மூன்றாம் நாள் எனில், முதல் நாள் ஜனவரி 13. அதனுடன் 7 நாளும் 9 மாதமும் கூட்டினால் பிரசவத் தேதி அக்டோபர் 20. ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் நேகெலேயின் (1778–1851) பெயரால் வழங்கும் இவ்விதி தருவது ஏறத்தாழ 280 நாள், அதாவது 40 வாரம். நான்கு வாரத்தை ஒரு மாதமாகக் கொண்டால் சரியாகப் பத்து. "பத்து மாதம் சுமந்து பெற்றேன்" என்பதில் மிகை ஏதுமில்லை.

இக்கணக்கின் முதல் இரண்டு வாரங்களில் கருவே கிடையாது. 28 நாள் சுழற்சியில் கருமுட்டை வெளிப்படுவது 14ஆம் நாளையொட்டித்தான். அது கண்ணுக்குத் தெரியாத நிகழ்வு என்பதால், தெரிந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். 35 நாள் சுழற்சி உடையவளுக்கு முட்டை ஒரு வாரம் பிந்துவதால், பிரசவத் தேதியையும் ஒரு வாரம் தள்ளவேண்டும்.

நாளே நினைவில்லையென்றால் ஸ்கேன்தான் வழி. முதல் மூன்று மாதத்தில் கருவின் உச்சந்தலை முதல் பிட்டம் வரை அளக்கிறார்கள்: 8 வாரத்தில் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர், 12 வாரத்தில் ஏறத்தாழ 54. அந்தப் பருவத்தில் எல்லாக் கருக்களும் அநேகமாக ஒரே வேகத்தில் வளர்வதால் பிழை ஒரு வாரத்தைத் தாண்டுவது அரிது. பிற்பாடு பரம்பரையும் ஊட்டமும் நஞ்சுக்கொடியின் திறனும் குறுக்கிடுவதால், கடைசி மூன்று மாதத்தில் அந்தப் பிழை மூன்று வாரம் வரை போகும். குன்னூருக்கோ ஊட்டிக்கோ பேருந்து ஏற வேண்டியிருந்தாலும் முதல் ஸ்கேனைத் தள்ளிப்போடாதிருப்பது நல்லது.

செவிலியரின் கையில் அளவு நாடா உண்டு. 20 வாரத்தையொட்டித் தொப்புளைத் தொடும் கருப்பையின் உச்சி, 24 வாரத்துக்குப் பின் வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஏறும்; அடிவயிற்று எலும்பிலிருந்து அந்த உச்சி வரை அளந்தால், சென்டிமீட்டர் எண்ணும் வார எண்ணும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். 32 வாரத்தில் நாடா 28 சென்டிமீட்டர் காட்டினால், தேதி தவறென்று அட்டையைத் திருத்தத் தோன்றும். ஆரம்ப ஸ்கேனில் உறுதியான தேதியை அப்படித் திருத்தினால், வளர்ச்சி குன்றிய குழந்தை காகிதத்தில் இயல்பான 28 வாரக் குழந்தையாகிவிடும். அந்த வளர்ச்சிக் குறையைத் தேடி யாரும் மறு ஸ்கேனுக்கு அனுப்பமாட்டார்கள்.