அரைப்பேர்: அம்மாயி திட்டும் சொல்

கழுவி வைத்த பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு விரலில் ஒட்டினால் போதும், "என்னடா தம்பி, அரைப்பேருக்கா கழுவுன?" என்பார் எங்கள் அம்மாயி. கோத்தகிரிப் பக்கம் எங்கள் குடியிருப்பில் வயதானவர்கள் வாயில் இன்னும் இருக்கிற சொல் இது.

தேயிலைத் தோட்டத்தில் யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று குறிக்கும் புத்தகம் செக்ரோல். அதில் பெயருக்கு நேரே ஒரு நாள் வேலையைப் பதிவதுதான் 'பேர் போடுவது'. நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று ஒரு கணக்கு உண்டு. அதைத் தொட்டால் முழுப்பேர், முழுச் சம்பளம். ஒரு கிலோ குறைந்தாலும், காலையிலிருந்து சாயங்காலம் வரை சரிவில் நின்றவருக்கு அரைப்பேர்தான்.

இலங்கை மலையகத் தோட்டங்களில் புழங்கிய சொல். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் அரசு தேயிலை போட ஆரம்பித்தது. தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமான இன்றைய டான்டீ அதில் பிறந்தது. ஆட்களோடு அவர்கள் பேச்சும் மலையேறியது.

கூடவே வந்த இன்னொரு சொல் பெரட்டு. விடிந்தும் போர்வைக்குள் கிடந்தால், "பெரட்டு கலைஞ்சு போச்சு, இனி எந்திரிச்சு என்ன?" என்று ஒரு குத்தல் விழும். காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பது பெரட்டு. பிரட்டு என்றும் எழுதுவார்கள். பித்தலாட்டம் என்னும் பொருளில் வரும் 'புரட்டு' வேறு. இது ஆங்கிலப் 'பரேடு'. அதற்காக 'அணிவகுப்பு' என்று மாற்றினால் வெலிங்டன் ராணுவ முகாம்தான் நினைவுக்கு வரும். 'பெயரழைப்பு' ஓரளவு பொருந்தும். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளைச் சொல்லும் லயமும் இப்படித்தான், 'லைன்' வீடு. ஆலயத்தில் இருக்கும் லயத்தோடு முடிச்சுப் போட வேண்டாம்.

சரி, அரைப்பேருக்கு நல்ல தமிழ் என்ன? அதுவே நல்ல தமிழ்தான். பெயர், பேர் ஆனது. 'அரைநாள் கூலி' என்று திருத்தினால் பொருள் கெட்டுவிடும். அரைநாள் கூலிக்காரர் மத்தியானமே வீட்டுக்குப் போயிருப்பார். அரைப்பேர் வாங்கியவர் போகவில்லை.

ஆனால் அம்மாயி இதைத் தலைகீழாக அல்லவா சொல்கிறார்? அங்கே வேலை முழுசு, கூலி பாதி. இங்கே வேலையே பாதி. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"கொழுந்து எடையில ஈரத்துக்குன்னு கழிச்சு, சாக்குக்குன்னு கழிச்சு எனக்குப் போட்டாங்களே, அது அவங்க போட்ட அரைப்பேரு. நீ கழுவுனதுதான்டா நெசமான அரைப்பேரு. போ, திரும்பக் கழுவு."