டகோட்சுபோ: உளைச்சல் இதயத்தசை நோய்

ஜப்பானிய மீனவர் பேய்க்கணவாய் பிடிக்கக் கடலடியில் இறக்கிவைக்கும் குடுவைக்கு டகோட்சுபோ என்று பெயர். ‘டகோ’ என்பது பேய்க்கணவாய், ‘ட்சுபோ’ என்பது குடுவை. ஹிரோஷிமா மருத்துவர் ஹிகாரு சாட்டோவும் உடன் பணியாற்றியவர்களும், சில நோயாளிகளின் இடது இதயக் கீழறை அக்குடுவையைப் போலவே கழுத்து குறுகி வயிறு பருத்திருக்கக் கண்டு, 1990இல் அப்பெயரையே நோய்க்குச் சூட்டினர்.

தாங்கமுடியாத அதிர்ச்சி நேரும்போது அட்ரினலின் முதலிய சுரப்புகள் இரத்தத்தில் பெருக, கீழறையின் நுனிப்பகுதி சுருங்க மாட்டாமல் உப்பி நின்றுவிடுகிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இசிஜி மாற்றம், இதயத்தசை சேதமுறும்போது இரத்தத்தில் கசியும் புரதமான ட்ரோபோனின் உயர்வு என எல்லாமே மாரடைப்பென்றே சொல்லும். ஆஞ்சியோகிராம் எடுத்தால்தான், அந்த நிலைக்குக் காரணமாகக்கூடிய அடைப்பு ஏதும் இதய இரத்தக்குழாய்களில் இல்லையென்பது தெரியவரும். பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்; அவர்களிலும் மாதவிடாய் நின்றவர்களே மிகுதி. 2004இல் நீகாட்டா நிலநடுக்கத்தை அடுத்து அப்பகுதியில் இந்நோயாளிகளின் எண்ணிக்கை சட்டென உயர்ந்தது.

‘உடைந்த இதயம்’ என்ற செய்தித்தாள் வழக்கு ‘புரோக்கன் ஹார்ட் சிண்ட்ரோம்’ என்ற ஆங்கிலப் பெயரின் நேர்ப்பெயர்ப்பு. கேட்கக் கவர்ச்சியாக இருந்தாலும், துயரம் மட்டுமே இதற்குக் காரணம் என்று அது நினைக்கவைக்கிறது. 1,750 நோயாளிகளை ஆராய்ந்து 2015இல் வெளியான பன்னாட்டு ஆய்விலோ உடல்சார்ந்த காரணங்கள் 36 விழுக்காடு, மனம்சார்ந்தவை ஏறத்தாழ 28 விழுக்காடு. ஏனையோரில் பெரும்பாலோரிடம் காரணமே புலப்படவில்லை.

சில வாரங்களில் முழுதும் குணமாகிவிடும் என்ற பழைய நம்பிக்கையும் இன்று ஆட்டம் கண்டுள்ளது. கீழறையின் வடிவமும் இரத்தத்தை வெளியேற்றும் அளவும் மீண்டுவிடுவது உண்மையே. ஆனால் ஓராண்டுக்கு மேல் கழிந்த பிறகும் பலருக்குக் களைப்பும் மூச்சிரைப்பும் நீடிப்பதையும், இதயத்தசையின் ஆற்றல் பயன்பாடு குறைந்தே இருப்பதையும் அபர்தீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டினர். சிலருக்கு நோய் திரும்பவும் வருகிறது.

ஆங்கில மருத்துவ நூல்கள் இதை ‘ஸ்ட்ரெஸ் கார்டியோமயோபதி’ என்றும் அழைக்கின்றன. அந்த ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்குத் தமிழில் எச்சொல்? ‘அதிர்ச்சி இதயநோய்’ எனலாமே என்றால், இதயம் செயலிழந்து இரத்த ஓட்டம் சரியும் ஆபத்து நிலையையும் மருத்துவத்தில் அதிர்ச்சி என்றே குறிக்கிறோம். ‘அழுத்தம்’ என்றாலோ இரத்த அழுத்தம்தான் நினைவுக்கு வரும். ‘உளைச்சல்’ இவ்விடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனெனில் மன உளைச்சல் என்பதைப் போலவே கைகால் உளைச்சல், வயிற்றுளைச்சல் என்றும் நாம் சொல்வதால் உடல், மனம் ஆகிய இரண்டின் வேதனையும் அதில் அடங்கும். ஆகவே ‘உளைச்சல் இதயத்தசை நோய்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். மருத்துவக் குறிப்புகளில் மட்டும் குழப்பம் நேராதிருக்க டகோட்சுபோ என்ற பெயரையும் உடன் எழுதுவது நல்லது.